ரெண்டாம் பாதியைத் தேடிப் போனவர்

போன வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் ஒரு தமிழ்ப் படத்துக்குப் போயிருந்தேன். காலை பத்து மணிக் காட்சி. பத்தே கால் ஆயிற்று, பத்தரை ஆயிற்று. திரையில் ஒரே ஒரு பற்பசை விளம்பரம் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

இங்கே எங்களுக்கு வெள்ளி ஒரு நாள்தான் விடுமுறை. அரங்கில் பாதிப் பேர் லேபர் கேம்ப்பிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். அந்த ஒரு நாளில் துணி துவைக்க வேண்டும், ஊருக்குப் பேச வேண்டும், படமும் பார்க்க வேண்டும். பின்வரிசையில் விசில் ஆரம்பித்தது.

என் பக்கத்து சீட்டில் ஒரு கோயம்புத்தூர்த் தம்பி. கம்ப்யூட்டர் வேலை. எழுந்து போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"கீ வரலையாமுங்க அங்கிள்."

"என்ன கீ? கதவுச் சாவியா?"

"இல்லைங்க. படம் ஹார்ட் டிஸ்க்ல வந்துரும். அதைத் திறக்கிறதுக்கு பாஸ்வேர்டு மாதிரி ஒண்ணு மெயில்ல வரோணும். அது வந்தாத்தான் ஓடும்."

"அப்ப பொட்டி வரலைன்னு சொல்லுங்க."

"எந்தப் பொட்டிங்க?"

அந்தத் தம்பிக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் கீ வந்து, விளக்கை அணைத்துவிட்டார்கள். மீதியை நீங்கள்தான் கேட்டாக வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கிற எங்களைப் பார்த்து எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஊர்ல எதை ரொம்ப மிஸ் பண்றீங்க?" மதுரைக்காரன் என்றால் மல்லிகைப்பூ, ஜிகர்தண்டா என்று பதில் வரும் என்று நினைப்பார்கள். எனக்குப் பூ வைக்கத் தலையில் முடி இல்லை. ஜிகர்தண்டாவை டாக்டர் நிறுத்திவிட்டார். நான் மிஸ் பண்ணுவது ஒரு சத்தத்தை. முந்நூறு பேர் ஒரே குரலில் ஒரு ஆளைத் திட்டுகிற சத்தம்.

அந்த ஆள் நான்தான்.

அப்பா இறந்த வருஷம் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு லாரி கிளீனர், பரோட்டாக் கடை, கொஞ்ச நாள் சூரத்... எங்கேயும் ஆறு மாசம் தாண்டவில்லை. இருபது வயதில் ஊருக்குத் திரும்பி, மதுரையை ஒட்டிய எங்கள் ஒத்தக்கடையிலேயே சினிமாக் கொட்டகையில் சேர்ந்தேன். தகரக் கூரை, நான்கு பக்கமும் தார்ப்பாய், நடுவில் ஆண்களையும் பெண்களையும் பிரிக்க இடுப்பு உயரத்துக்கு ஒரு மூங்கில் தட்டி. தரை டிக்கெட்டுக்கு ஆற்று மணல்.

எனக்கு வேலை, பொட்டி தூக்குவது.

அப்போது எங்கள் பக்கத்துக்கு ஒரு படத்துக்கு வரும் பிரிண்ட் ஒன்றுதான். கோரிப்பாளையம் பக்கம் இருந்த பெரிய தியேட்டரும் எங்கள் கொட்டகையும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். டவுனில் ரெண்டு மணிக்குப் படம். எங்களிடம் நாலு மணிக்கு. அங்கே முதல் பாதி ஓடி முடிந்ததும் அந்த ரீல்களைத் தகரப் பெட்டியில் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஒத்தக்கடைக்கு மிதிப்பேன். இறக்கிவிட்டு உடனே திரும்புவேன். அங்கே ரெண்டாம் பாதி முடிந்திருக்கும். அதைக் கட்டிக்கொண்டு மறுபடியும் ஒத்தக்கடை. எல்லாம் சரியாக நடந்தால், இங்கே இடைவேளை விட்டு ஜனங்கள் முறுக்குத் தின்று முடிக்கும்போது நான் உள்ளே நுழைவேன்.

எல்லாம் சரியாக என்றைக்கு நடந்திருக்கிறது?

தமிழ்நாட்டிலேயே நீளமான இடைவேளை எங்கள் கொட்டகையில்தான். நான் நுழையும்போது என் அப்பா, தாத்தா, பிறக்காத பிள்ளை என்று யாரையும் விட்டுவைக்காமல் திட்டுவார்கள். ஆனால் பெட்டியைக் கண்டதும் அதே வாய்கள் விசிலடிக்கும். அப்படி ஒரு வரவேற்பு எனக்கு எந்த ஏர்போர்ட்டிலும் கிடைத்ததில்லை.

இனி, அக்காவைச் சொல்ல வேண்டும்.

அக்கா பேர் பஞ்சவர்ணம். என்னைவிட நாலு வயசு மூப்பு. அம்மாவும் அவளும் அப்பளக் கம்பெனியில் வேலை. வெயிலில் அப்பளம் காயப்போட்டு, அள்ளி, அடுக்கி... அவள் கையிலேதான் வீடு ஓடியது. அவளைப் பெண் பார்க்க மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் கேசரி கிண்டி, பக்கத்து வீட்டு நாற்காலிகளை வாங்கிப் போட்டு, அவளைத் தட்டோடு நிறுத்தினோம். ஒருவர் நிறம் கம்மி என்றார். ஒருவர் வயசு கூட என்றார். மூன்றாவது ஆள் எதுவும் சொல்லவில்லை, பதிலும் வரவில்லை. அது இன்னும் மோசம்.

மூன்றாவது ஆளுக்குப் பிறகு அக்கா சொல்லிவிட்டாள். "இனி எவன் முன்னாடியும் தட்டத் தூக்கிட்டு நிக்க மாட்டேன். அம்புட்டுத்தான்."

அம்மா அழுது பார்த்தாள். சோறு தின்னாமல் படுத்துப் பார்த்தாள். அக்கா மசியவில்லை. கடைசியில் தரகர்தான் வழி சொன்னார்: வீட்டில் வேண்டாம், கொட்டகையில் பார்க்கலாம்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். ரெண்டு குடும்பமும் ஒரே படத்துக்குப் போவார்கள். இடைவேளையில் முறுக்குக் கடைப் பக்கம் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வார்கள். "அட, நீங்களும் படத்துக்கா?" என்று ஆச்சரியப்பட வேண்டும். பெண்ணும் பையனும் ரெண்டு நிமிஷம் எதிரெதிரே நிற்பார்கள். பிடிக்கவில்லையா? யாரும் யாரையும் பார்க்க வரவில்லை, படம் பார்க்கத்தான் வந்தார்கள். மானம் தப்பும்.

மாப்பிள்ளை மேலூர்க்காரர். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை. பேர் சோணைமுத்து. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆட்டம் என்று முடிவாயிற்று.

"ஆம்பளைன்னு நீ ஒருத்தன்தான்டா. இன்ட்ரோல்ல நீ பக்கத்துல நிக்கணும். நீ இல்லாம நாங்க எந்திரிச்சு வெளிய வர மாட்டோம், பாத்துக்க" என்றாள் அம்மா.

"வந்துருவேம்மா. பொட்டியும் நானும் ஒண்ணாத்தான வாரோம்?"

அக்கா பச்சைச் சேலை கட்டியிருந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுவும் இல்லைன்னா இதோட விட்ரணும். அம்மாகிட்ட நீதான் சொல்லணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்பளக் கணக்கைச் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

அன்றைக்கு முதல் பாதியைச் சரியான நேரத்துக்குச் சேர்த்தேன். திரும்பி மிதித்தேன். ரெண்டாம் பாதியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மாட்டுத்தாவணி அப்போது பஸ் ஸ்டாண்ட் ஆகவில்லை. அதைத் தாண்டினால் வயலும் கண்மாயும்தான். தூரத்தில் ஆனைமலை படுத்துக் கிடந்தது. அதைப் பார்த்து மிதிப்பேன். மலை பெரிசாகப் பெரிசாக ஊர் பக்கம் வருகிறது என்று அர்த்தம்.

உத்தங்குடி தாண்டியதும் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. பஞ்சர் கடை பூட்டிக் கிடந்தது. இறங்கித் தள்ளினேன். பெட்டி கனத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று சுற்ற ஆரம்பித்தது. கயிற்றை அவிழ்த்து, பெட்டியைத் தலையில் தூக்கி வைத்து, ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தேன். நூறு அடி. இறக்கினேன். மறுபடியும் தூக்கினேன். காலையில் குடித்த டீயோடு சரி, வேறு எதுவும் வயிற்றில் இல்லை. பஸ் ரெண்டு போயின. கையைக் காட்டினேன், நிற்கவில்லை. மணி ஐந்தரை. அங்கே இடைவேளை விட்டிருப்பார்கள். அக்கா எழுந்து வெளியே வராமல் உட்கார்ந்திருப்பாள். நான் வந்தால்தானே வருவார்கள்?

மறுபடியும் தூக்கினேன். இனி இறக்குவதில்லை என்று நடந்தேன்.

எதிரே ஒரு மொபெட் வந்தது. என்னைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நின்றது. நீலச் சட்டை போட்ட ஒரு ஆள்.

"டேய் தம்பி, நீதான் பொட்டிக்காரனா?"

"ஆமாண்ணே."

"அங்க கொட்டகையவே பிரிச்சு மேஞ்சுருவானுக போல. நீ என்னடான்னா அழகரு ஆத்துல எறங்குற மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வார?"

"சைக்கிள் பஞ்சர்ணே."

"கால் பஞ்சர் இல்லையில்ல? ஏறு. சைக்கிள அந்த டீக்கடையில சாத்து."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். மொபெட் முனகிக்கொண்டு நகர்ந்தது. நன்றிக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"படத்து மேல அம்புட்டுப் பிரியமாண்ணே?"

"படத்துக்கு எவன்டா வந்தான்? பொண்ணு பாக்க வந்தேன்."

எனக்குப் பெட்டி மடியிலிருந்து நழுவப் பார்த்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எந்த ஊருப் பொண்ணுண்ணே?"

"இந்த ஒத்தக்கடைதான். தகப்பன் இல்லையாம். அப்பளக் கம்பெனிக்குப் போகுதாம். ஒரு தம்பி இருக்கான் போல. உருப்படாத பய. கொட்டகை கொட்டகையாச் சுத்துவானாம்."

"அப்படியாண்ணே."

"அந்தப் பய வந்தாத்தான் பொண்ணு வீட்டுக்காரக எந்திரிச்சு வெளிய வருவாகளாம். இன்ட்ரோல் விட்டு அரை மணி நேரமாச்சு. அவனையும் காணோம், பொட்டியையும் காணோம். ஆம்பளைக பக்கம் எந்திரிச்சுத் தட்டிய ஆட்டுறானுக, மண்ண அள்ளி எறியுறானுக. தட்டிக்கு அந்தப் பக்கம்தான அந்தப் பொண்ணு உக்காந்திருக்கும்? ரெண்டாம் பாதி வந்தாத்தான் இவனுக அடங்குவானுக. அதான் வண்டிய எடுத்தேன்."

"கூட வந்தவுககிட்ட சொல்லிட்டு வந்தீகளாண்ணே?"

"சொன்னா விடுவாகளா?"

நான் யோசித்தேன். யார் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்த ஆள் மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிடுவார். மரியாதை வந்துவிட்டால் உண்மை வராது. ஒத்தக்கடைக்கு இன்னும் ரெண்டு மைல் இருந்தது. மாப்பிள்ளை பார்க்க எனக்கு வாய்த்த நேரம் அவ்வளவுதான்.

"தண்ணி கிண்ணி உண்டாண்ணே?"

"தீவாளிக்கு."

"கோவம் வருமாண்ணே?"

"இப்ப உம்மேல வருது. ஏன்டா, பொண்ணு வீட்டுக்காரன் மாதிரி கேள்வி கேக்குற?"

மடியில் பெட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

கொட்டகை வாசலில் அந்த முந்நூறு பேர் சத்தம் கேட்டது. நான் இறங்குவதற்குள் அவர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார். "வழிவிடு, வழிவிடு... வாய மூடிட்டு உக்காருங்கப்பா, ரெண்டாம் பாதி வந்துருச்சு!" ஆபரேட்டர் ஜேம்ஸ் அண்ணன் அறை வாசலிலேயே நின்றிருந்தார். பசுமலைச் சர்ச்சுக்குப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை யாரையும் திட்டுவதில்லை என்று விரதம். என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்ததோடு சரி. விளக்கு அணைந்தது. படம் ஓட ஆரம்பித்தது.

பெண்கள் பக்கம் போனேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"போச்சுடா. மாப்பிள்ள பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டானாம். எங்க போனான்னு அவுக ஆத்தாளுக்கே தெரியலையாம். தூரத்துலருந்தே இவளப் பாத்துட்டு ஓடிருக்கான்."

அக்கா திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "பொட்டியத் தூக்கிட்டு வந்தாரே நீலச் சட்டை, அது யாரு?"

"அவருதான்க்கா."

"எவரு?"

"மாப்பிள்ள."

ரோட்டில் நடந்ததை மெதுவாகச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அக்கா, "முறுக்கு இருந்தா வாங்கிட்டு வா" என்றாள்.

அதற்கு மேல் யாரும் யாரையும் சந்திக்கவில்லை. படம் விட்டதும் மாப்பிள்ளையை அவர் அம்மா காதைத் திருகாத குறையாக வெளியே இழுத்துக்கொண்டு போனார். ரெண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார். பையன் பெண்ணைப் பார்க்கவே இல்லை, அதனால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்து முறையாகப் பார்க்கிறோம் என்று தகவல். அம்மாவுக்கு உயிர் வந்தது. நாற்காலி கேட்கப் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினாள்.

"நாற்காலி வேணாம்" என்றாள் அக்கா.

"என்னடி சொல்ற?"

"மூணு தடவ என்னையப் பாத்தாக. இந்தத் தடவ நான் பாத்துட்டேன். எனக்குச் சம்மதம். அவருக்குப் பாக்கணும்னா தாலி கட்டுற அன்னைக்குப் பாத்துக்கட்டும்."

"பாக்காம எவன்டி கட்டுவான்? வந்த வரனையும் தொரத்திட்டு நீ என்ன செய்யப் போற?"

"அப்பளம் காயப்போடுவேன்."

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இந்தப் பதிலைத் தன்னால் சொல்ல முடியாது என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். அக்கா பார்த்த பார்வையில் கெஞ்சல் கிடையாது. போகிறாயா, நானே போகட்டுமா என்று கேட்கிற பார்வை.

மறுநாள் மேலூருக்கு மிதித்தேன். அவர் கடையில் தனியாக உட்கார்ந்து ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"அடடே, பொட்டி. இங்க எங்கடா?"

"நான் பொண்ணோட தம்பிண்ணே. அந்த உருப்படாத பய."

கம்பி சுற்றுகிற கை நின்றது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அக்கா சொன்னதை அவள் சொன்ன மாதிரியே, கூட்டாமல் குறைக்காமல். அவர் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் பாக்காமலே கட்டணும்."

"ஆமாண்ணே."

"அது ஒங்கக்கா சொன்னதா, ஒங்க ஆத்தா சொன்னதா?"

"எங்க ஆத்தா அழுகுறா. சொன்னது அக்கா."

விட்ட சுற்றை எண்ணிக்கொண்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தார். எனக்கு அந்த ஒரு நிமிஷம் உத்தங்குடி ரோட்டைவிட நீளமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் திரும்பிப் போய் அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். அக்கா கேட்டுக்கொண்டது அதுதான்.

"சரின்னு சொல்லு. எங்கம்மாட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

அவ்வளவுதான். வைகாசியில் கல்யாணம். ரெண்டு மாசம் கழித்து நான் பம்பாய்க்கு ரயில் ஏறினேன். பிறகு தோஹா, இப்போது மஸ்கட். போன இடத்தில் எல்லாம் ஏதாவது ஒன்று வராமல் போயிருக்கிறது. சம்பளம் வரவில்லை, விசா வரவில்லை, ஒரு வருஷம் முழுக்க வேலையே வரவில்லை. வரவில்லை என்று தெரிந்ததும் கூட்டம் என்ன செய்யும்? கத்தும். சில பேர் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். நானும் ரெண்டையும் செய்திருக்கிறேன். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு எதிரே தேடிப் போகிற ஆள் முந்நூறு பேரில் ஒருத்தர்தான் இருப்பார். அவரை ஒரு தடவை பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டவனுக்கு, உட்கார்ந்து கத்துவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். எத்தனை ஆபீஸ் படிகளில் அந்தக் கூச்சம் என்னைப் பிடித்துத் தள்ளியிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை படம் விட்டு ரூமுக்கு வந்ததும் மச்சானுக்கு போன் போட்டேன். அவர் கடை இப்போது ஒத்தக்கடையிலேயே இருக்கிறது. கொட்டகை இருந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் வந்துவிட்டதாம். கீ வராத கதையைச் சொன்னேன். சிரித்தார். சிரிக்கிற நேரத்தில் கேட்டுவிட வேண்டும் என்று, முப்பது வருஷமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"மச்சான், அன்னைக்குப் பாக்காமலே எப்படி ஒத்துக்கிட்டீக?"

"எவன்டா சொன்னான், பாக்கலைன்னு?"

"என்னது?"

"நீ லேட்டா வந்ததுல அவனுக ஆட்டுன ஆட்டுல தட்டி பாதி சாஞ்சு போச்சுல்ல. படம் ஓட ஆரம்பிச்சதும் நான் அந்தப் பக்கமே திரும்பி உக்காந்துட்டேன். பச்சைச் சேலைன்னு எங்கம்மா சொல்லிருந்துச்சு. இருட்டுல எந்தச் சேலை பச்சைன்னு தெரியும்? திரையில வெளிச்சம் வரும்போதெல்லாம் ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தேன். சோக சீனு. பொம்பளைக பூராம் மூக்கச் சிந்துறாக. ஒருத்தி மட்டும் முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தா. இவளா இருந்தா நல்லாருக்கும்னு நெனச்சேன். நீ கடைக்கு வந்து தகவல் சொன்ன பாரு, இப்படிச் சொல்லி அனுப்புறவ அந்த முறுக்குக்காரியாத்தான் இருப்பான்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு."

"இதை ஏன் மச்சான் இம்புட்டு வருஷமாச் சொல்லல?"

"பாக்காம கட்டுனேன்னு ஒங்கக்கா பெருமையா நெனச்சுக்கிட்டு இருந்துச்சு. அதை ஏன் கெடுக்கணும்? ஒண்ணுதான் நட்டம். அந்தப் படத்தோட ரெண்டாம் பாதி எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து அக்கா குரல் வந்தது.

"நான் முழுசாப் பாத்தேன். ரெண்டாம் பாதி கொஞ்சம் இழுவைதான்."